கார் விருந்தாளியாக வரும் தெரு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்தூர் அரசுக் கல்லூரிக்கு மூன்று ஆண்டுகள் சைக்கிள் மிதித்துப் போய் வந்தவன் நான். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும் காற்று காலையில் நெஞ்சில் முட்டும். மார்கழியில் கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்று மாலையில் வீடு திரும்பவிடாது. அந்தக் காற்றில் பழகியவனுக்கு நெதர்லாந்தில் சைக்கிள் ஓட்டுவது ஒரு பொருட்டா என்ற எண்ணத்தோடுதான் 2016இல் உத்ரெக்ட் நகரில் குடியேறினேன். முதல் வாரமே பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, பாலத்து இறக்கத்தில், ஊர் வழக்கப்படி பெடலைச் சும்மா பின்னோக்கிச் சுழற்றினேன். இங்குள்ள பல சைக்கிள்களில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடித்துக்கொள்ளும் என்பது முழங்கை தேய்ந்த பிறகே தெரிந்தது.

காயம் ஒரு வாரத்தில் ஆறியது. தெருவைப் புரிந்துகொள்ளத்தான் பல மாதங்கள் ஆயின. எங்கள் பக்கத்தில் நடைபாதை என்று ஒன்று இருந்தாலும் அது தெருமுனையில் முடிந்துவிடும். நடப்பவர் கீழே இறங்கி, இருபுறமும் பார்த்து, ஓடிக் கடக்க வேண்டும். இங்கே சிறிய தெருக்கள் பெரிய சாலையில் சேரும் பல இடங்களில் நடைபாதை அதே உயரத்தில், அதே கற்களோடு, தெருவின் குறுக்கே தொடர்ந்து போகிறது. கார்தான் ஒரு சரிவுக் கல்லில் ஏறி, நடப்பவர்களின் தளத்தைக் கடந்து, மறுபடி இறங்கிப் போக வேண்டும். அந்த மேட்டில் வேகமாக ஏறினால் காருக்குத்தான் அடி. நெதர்லாந்துக்காரர்கள் பிறவியிலேயே ஒழுக்கமானவர்கள் என்று ஊரில் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரவு பத்து மணிக்கு விளக்கில்லாமல், குடையைப் பிடித்தபடி ஒற்றைக் கையால் ஓட்டிப் போகும் மாணவர்களைப் பார்த்த பிறகு அதை நம்புவது கடினம். ஒழுங்கைத் தெருவே பார்த்துக்கொள்கிறது. சில தெருக்களில் தார் முழுவதும் சிவப்பாக இருக்கும், ‘கார் இங்கே விருந்தாளி’ என்ற பொருளில் பலகை நிற்கும். விருந்துக்கு வந்தவர் நடுவீட்டில் நின்று ஹார்ன் அடிப்பதில்லை அல்லவா?

அம்மா மூன்று மாத விசாவில் வந்திருந்தபோது இதை எனக்கு மறுபடி காட்டினார். கடைக்குப் போகும் வழியில், தெருமுனையில் அவர் வழக்கம்போல நின்று சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காத்திருந்தார். எதிரில் திரும்ப வந்த காரும் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். “ஏங்கண்ணு, அந்தக் கார்க்காரனுக்கு என்னத் தெரியுமா?” என்று கேட்டார். “தெரியாதுங்கம்மா, நீங்க போனாத்தான் அவரு போவாரு” என்றேன். அவர் காரைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு நடந்தார். கிளம்பும் நாள்வரை ஒவ்வொரு காருக்கும் கைகூப்பிக்கொண்டுதான் கடந்தார்.

இவர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போலத்தான் இருந்தார்கள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. 1971இல் இந்தச் சிறிய நாட்டில் சுமார் 3,300 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள்; அவர்களில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். மகளை அப்படி இழந்த ஒரு பத்திரிகையாளர் 1972இல் எழுதிய கட்டுரையிலிருந்து ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் எழுந்தது. மறு ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதிக்கப்பட்டபோது, வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் சைக்கிளிலும் கால்நடையாகவும் போனார்கள். எங்கள் நகரத்திலோ பழைய ஊரைச் சுற்றியிருந்த காத்தரைனெசிங்கல் கால்வாயின் ஒரு பகுதியை எழுபதுகளில் தூர்த்து விரைவுச்சாலை போட்டிருந்தார்கள். நான் வந்தபோது அந்தச் சாலையின் கடைசித் துண்டு இன்னும் மீதமிருந்தது. பிறகு அதையும் தோண்டி, 2020 செப்டம்பரில் கால்வாய் வட்டத்தை மறுபடி முழுமையாக்கினார்கள். சாலையை எடுத்துவிட்டுத் தண்ணீரைப் பாய விட்டார்கள் என்று அம்மாவிடம் போனில் சொன்னபோது, “ரோட்டையா?” என்று இரண்டு முறை கேட்டார்.

ரயில் நிலையத்துக்கு அடியில் 12,500 சைக்கிள்கள் நிறுத்தும் இடம் இருப்பதை விருந்தினர்களுக்கு எல்லோரும் காட்டுவார்கள், நானும் காட்டியிருக்கிறேன். எனக்கு அதைவிடப் பிடித்தது என் வீட்டுத் தெரு. அது மணல்மேல் பாவிய செங்கல் தெரு. குழாய் பழுதானால் இரண்டு பேர் வந்து கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து அடுக்கிவைத்து, வேலை முடிந்ததும் அதே கற்களைச் சுத்தியலால் தட்டிப் பதித்துவிட்டுப் போகிறார்கள். குழாய்க்காக வெட்டிய சாலை அடுத்த மழைவரை வாய் பிளந்து கிடக்கும் ஊரிலிருந்து வந்தவனுக்கு, இதை ஜன்னலில் நின்று பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு.

ஆனால் இதையெல்லாம் அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கொழிஞ்சாம்பாறையில் வைத்துவிட முடியாது. பங்குனி வெயிலில் பாலக்காட்டுச் சமவெளி 40 டிகிரியைத் தொடும்போது, நிழலில்லாத சிவப்புப் பாதையில் யார் சைக்கிள் ஓட்டுவார்கள்? அங்கே சாலையின் இருபுறமும் நிற்கும் புளியமரங்கள்தான் நடப்பவருக்குக் கூரை. அடிமரங்கள் சாலையை ஒட்டி நிற்பதால் லாரியும் கொஞ்சம் அடங்கித்தான் வரும். போன விடுமுறையில் சாலையை அகலப்படுத்த வெட்டுவதற்காக எங்கள் ஊர் மரங்களின் பட்டையைச் செதுக்கி எண் எழுதியிருந்ததைப் பார்த்தேன். சாலை அகலமானால் விபத்து குறையும் என்றார் மச்சான். அகலமானால் வேகம்தான் கூடும், பள்ளிக்கூடத்து முன்னால் மட்டுமாவது நடைபாதை உயரத்துக்கு ஒரு மேடை வேண்டும் என்று, உத்ரெக்ட் கதையெல்லாம் சொல்லி இரண்டு மணி நேரம் வாதாடினேன். அவர் ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

நான் திரும்பி வந்த பத்தாம் நாள் வாட்ஸ்அப்பில் கேட்டார்: “கிராமசபையில சொல்லிப் பாக்கறேன் மாப்ள, அந்த மேடு எத்தன ஒசரம் இருக்கணும்?” மழையோடு வெளியே இறங்கி, தெருமுனைக் கல்லில் மகளின் ஸ்கேலை வைத்து அளந்தேன். 11 சென்டிமீட்டர் இருந்தது. படம் எடுத்து அனுப்பினேன்.