அடையை ஆவியில் ஏற்றினோம்: நெஞ்செரிச்சலுக்கு ஒத்துப்போகும் கேழ்வரகுப் பிடி

வேலூர் பக்கம் கேழ்வரகு அடை என்றால் முருங்கைக்கீரை, பச்சை மிளகாய், நிறைய வெங்காயம், சுற்றி இரண்டு கரண்டி எண்ணெய். சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் புளித்த ஏப்பம் வந்தால் பழி கேழ்வரகின் மேல் விழும். உண்மையில் தொல்லை எண்ணெய், மிளகாய், வெங்காயம் என்ற மூன்றில்தான். எண்ணெய்ப் பண்டம் வயிற்றை விட்டு இறங்க நேரமாகும், உணவுக்குழாயின் அடியில் இருக்கிற இறுக்குத் தசையையும் தளர்த்தும். மிளகாயும் வெங்காயமும் பலருக்கு எரிச்சலைக் கிளப்பும். ஆகவே மிளகாயையும் வெங்காயத்தையும் எடுத்துவிட்டு, எண்ணெயை ஒரு டீஸ்பூனாகக் குறைத்து, அதே மாவைப் பிடித்து ஆவியில் வைப்பதுதான் இங்கே வேலை.

மாவில் ஆரம்பிக்க வேண்டும். மிஷினில் அரைக்கக் கொடுத்தால், முன்னால் மிளகாய்த்தூள் அரைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். அரைத்திருந்தால் முதல் ஒரு பிடி மாவில் காரம் ஏறியிருக்கும். கொஞ்சம் அரிசியை ஓடவிட்ட பிறகே நம்முடையதைப் போடச் சொல்லுங்கள். காரமே போடாத பலகாரம் ஏன் எரிகிறது என்று குழம்புகிற வீடுகளில் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

பன்னிரண்டு பிடிக்கு அளவு: கேழ்வரகு மாவு ஒரு கப் (சுமார் 120 கிராம்), ஒரு மணி நேரம் ஊறிய பாசிப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, துருவிய சுரைக்காய் அரை கப், காம்பு நீக்கிய முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி, தேங்காய்த்துருவல் ஒரு மேசைக்கரண்டி, சீரகம் அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், எண்ணெய் ஒரு டீஸ்பூன். தேங்காய்க்கு மனசு இளகி அளவைக் கூட்டாதீர்கள், அதுவும் கொழுப்புதான். சமையல் சோடா வேண்டவே வேண்டாம்.

சுரைக்காயைத் துருவும் முன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் காய் முழுவதையும் குப்பையில் போடுங்கள். அந்தக் கசப்பு விஷம், வேகவைத்தாலும் போகாது.

மாவை வெறும் வாணலியில் சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் வறுத்துத் தனியே வையுங்கள். வாசனை வந்ததும் இறக்குங்கள். அடி கருகினால் கசக்கும். அதே வாணலியில் எண்ணெய் விட்டு சீரகம், வடித்த பருப்பு, கீரை, சுரைக்காய் சேர்த்து கீரை சுருங்கும் வரை மூன்று நிமிடம் வதக்கி, உப்பு, தேங்காய், மாவு போட்டுக் கலக்குங்கள்.

இனிமேல்தான் கவனம் வேண்டும். தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கேழ்வரகில் கோதுமை போல ஒட்டும் சத்து கிடையாது. கொதிநீர் பட்டு மாவுச்சத்து வெந்தால்தான் பிடிப்பு வரும். பச்சைத்தண்ணீரில் பிசைந்தால் இட்லிப் பானைக்குள்ளேயே வெடித்து உதிரும். அரை கப்பில் தொடங்கி, கரண்டிக் காம்பால் கிளறியபடி கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். சுரைக்காய் நீர் விடுவதால் முக்கால் கப்புக்கு மேல் தேவைப்படாது. மூடி பத்து நிமிடம் விட்டு, கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள். உருட்டி அழுத்தினால் ஓரம் விரியாமல் விரல் தடம் மட்டும் நிற்க வேண்டும். விரிந்தால் ஒரு கரண்டி வெந்நீர், கையில் அப்பினால் ஒரு கரண்டி மாவு.

மாவைப் பன்னிரண்டு பிடியாகப் பிடித்து, ஈரத்துணி விரித்த இட்லித் தட்டில் அடுக்கி, தண்ணீர் கொதித்த பிறகே ஏற்றி, பதினைந்து நிமிடம் வையுங்கள். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது. வெந்ததும் மூடி போட்டு வைக்காவிட்டால் காற்றில் தோல் இறுகிக் கல்லாகும். பிசைந்த மாவை மறுநாளுக்கு என்று வைக்காதீர்கள், எங்கள் ஊர் மே மாத வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும்.

ஒரு ஆளுக்கு மூன்று போதும். நல்லது என்று ஏழு சாப்பிட்டால் வயிறு உப்பி, அமிலம் தானாக மேலே தள்ளும். தொட்டுக்கொள்ளக் காரச் சட்னி கிடையாது. புளிக்காத தயிர் ஒத்துக்கொள்கிறவர்கள் இரண்டு கரண்டி வைத்துக்கொள்ளலாம். மாலை ஐந்துக்குள் இதை முடித்து, ராச்சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் விடுங்கள். கூடவே காபி குடித்தால் பட்ட பாடு வீண்.

இதற்குப் பதில் வேகவைத்த மல்லாட்டை (வேர்க்கடலை) போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. காய்ந்த பருப்பின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். கொறிக்க உட்கார்ந்தால் ஒரு கைப்பிடியோடு எழுந்திருப்பவர் யார்? வெறும் பொரி பரவாயில்லை, மசாலாப் பொரியாக மாறாத வரை.

எல்லா உடம்பும் ஒன்றல்ல. முதல் மூன்று நாள் கீரையும் தேங்காயும் இல்லாமல் செய்து பாருங்கள், தொல்லை இல்லையென்றால் கீரையைச் சேருங்கள், அடுத்து தேங்காய். ஒரே நாளில் இரண்டைச் சேர்த்தால் எது கிளப்பியது என்று தெரியாது. விழுங்கும்போது அடைப்பது, கறுத்த மலம், காரணமில்லாமல் எடை இறங்குவது இருந்தால் பலகாரத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் டாக்டரிடம் போங்கள். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அந்த நிமிடமே.