அபின் வழக்குகளைத் தேடி ஆறு நாள்

பிரிட்டிஷ் ஆட்சிக் காலச் சென்னை மாகாணத்தில் அபின் கடத்தியதாகப் பிடிபட்டவர்கள் நீதிமன்றத்தில் எப்படித் தப்பினார்கள் என்பதை அறிய ஓர் ஆவணக் காப்பகத்துக்கு ஆறு நாள் சென்றேன். அவற்றில் மூன்று நாள் வீண். முதல் நாள், பரிந்துரைக் கடிதத்தில் தேதி இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அடுத்த இரண்டு நாளும் காவல், நீதி இலாகாக்களின் அட்டவணைகளைப் புரட்டி, கோப்புக் கட்டுகளைக் கேட்டு எழுதிக் கொடுத்த சீட்டுகளெல்லாம் "கட்டு இல்லை" என்ற குறிப்போடு திரும்பின. விளக்கம் கேட்டதற்கு எழுத்தர் தலையை நிமிர்த்தவே இல்லை. கட்டு தூக்கி வரும் ஊழியர்தான், "அபின் எல்லாம் உப்பு, சாராயத்தோட இருக்கும் சார், வருவாய்ப் பக்கம் பாருங்க" என்றார். உரிமக் கடைகளில் அபின் விற்று வருமானம் பார்த்த அரசின் கோப்புகளை நான் போலீஸ் பக்கம் தேடியது என் மடமை. இன்னொன்று: அரசாணை எண் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்குவதால், தேதியும் இலாகாவும் எழுதாத சீட்டு நிச்சயம் திரும்பி வரும்.

1878ஆம் ஆண்டு அபின் சட்டத்தை மட்டும் படித்துவிட்டுச் செல்பவர் ஏமாந்து போவார். அதன் 9ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதித்தது; 10ஆம் பிரிவு, கையிலிருந்த அபினுக்குக் கணக்குச் சொல்லும் பொறுப்பைக் குற்றம் சாட்டப்பட்டவர் தலையிலேயே கட்டியது. ஆனால் அபின் அவர் கையில்தான் இருந்தது என்பதை அரசு முதலில் நிறுவியாக வேண்டும். நான்காம் நாள் கிடைத்த செல்லரித்த கட்டில் இருந்த வழக்கு அந்த இடத்தில்தான் சரிந்தது. பல குடும்பங்கள் இருந்த வீட்டில், மாடிப்படிக்கு அடியில் பெட்டி கிடைத்திருக்கிறது. மகஜரில், அதாவது சோதனையில் கிடைத்ததைப் பதிந்த அறிக்கையில், சாட்சிகளாகக் கையெழுத்திட்ட இருவரும் வேறு தெருக்காரர்கள். ஒருவர் அபின் தகர டப்பாவில் இருந்தது என்றார், மற்றவர் துணி மூட்டையில் என்றார். 1898ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 103ஆம் பிரிவோ சோதனைக்கு அவ்வட்டாரத்துக் கண்ணியமானவர்கள் இருவராவது வேண்டும் என்றது; அண்டை வீட்டாருக்கு எதிராகச் சாட்சி சொல்ல யார்தான் வருவார்கள்?

துப்புக் கொடுத்தவரின் பெயரைச் சொல்லும்படி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்ற 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம், போலீசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தையும் ஏற்கவில்லை. ஆகவே துப்பாளி திரைக்குப் பின்னாலேயே இருக்க, பெட்டி சுமந்தவர் மட்டும் கூண்டில் நின்றார். பணம் போட்டவரின் விரல்கூட அபினில் படவில்லை. சதி செய்வதையே தனிக் குற்றமாக்கும் பிரிவுகள் தண்டனைச் சட்டத்தில் 1913இல்தான் சேர்ந்தன.

தாள் நொறுங்குகிறது என்று நகலெடுக்க மறுத்ததால், கடைசி நாள் முழுதும் பென்சிலால் எழுதியே முடித்தேன். விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய அன்று மாகாண அரசு உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த அனுமதியைக் கேட்ட கடிதம் வரை என்னிடம் இருக்கிறது. பதில் அடுத்த கட்டில் இருக்க வேண்டும். அதற்கான சீட்டு, தேதியும் இலாகாவும் சரியாக எழுதப்பட்டு, எழுத்தரின் மேசைமேல் கிடக்கிறது.