ஒரே எண், இரண்டு நுரையீரல்

சுவாசப் பரிசோதனை அறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எஃப்.இ.வி.1 என்ற ஒரே எண்ணைத்தான் மலைபோல நம்பியிருந்தேன். முழு மூச்சையும் இழுத்து ஊதும்போது முதல் நொடியில் வெளிவரும் காற்றின் அளவு அது. ஒரு நாள் காலை அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

அடுத்தடுத்து இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். இருவருக்கும் சி.ஓ.பி.டி., அதாவது மூச்சு வழி அடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய். இருவருக்கும் எஃப்.இ.வி.1 இருக்க வேண்டியதில் பாதிதான். முதலாமவருக்கு ஓயாத இருமல், சளி. மற்றவர் மெலிந்தவர். கைகளை முழங்காலில் ஊன்றி, உதட்டைக் குவித்து மெல்ல மெல்ல மூச்சை விட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் டி.எல்.சி.ஓ. செய்தோம். நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் வாயு எவ்வளவு கடக்கிறது என்று பார்க்கும் சோதனை அது. சுமார் 0.3 சதவீதம் கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை ஒரே இழுப்பில் இழுத்து, 10 நொடி அடக்கி விட வேண்டும். ரத்தத்துக்குள் எவ்வளவு போனது என்பது வெளிவரும் காற்றில் தெரிந்துவிடும். சளிக்காரருக்கு ஏறக்குறைய சரியாகவே இருந்தது. மெலிந்தவருக்கு மூன்றில் ஒரு பங்குதான்.

முதலாமவருக்கு மூச்சுக்குழாயின் சுவர் தடித்து வழி குறுகியிருக்கிறது. காற்றறைகள் பெரும்பாலும் தப்பிவிட்டன. மெலிந்தவருக்கோ அந்த அறைகளின் சுவர்களே அழிந்து, பொடிப்பொடி அறைகள் பெரிய பைகளாகிவிட்டன. எம்ஃபிசீமா. வாயு கடக்கப் பரப்பு இல்லை. சிறு குழாய்களைக் கூடாரக் கயிறு போலச் சுற்றிலும் இழுத்துத் திறந்து வைத்திருப்பதும் அதே சுவர்கள்தான். கயிறு அறுந்தால் மூச்சை விடும்போது குழாய் மடங்கிப்போகும். உதட்டைக் குவிப்பது அதைத் தள்ளிப்போட அவர் உடம்பு தானே கண்டுபிடித்த வழி. பிறகு எடுத்த சி.டி. ஸ்கேனும் இதையே காட்டியது.

இதற்காக டி.எல்.சி.ஓ. குறைந்தாலே எம்ஃபிசீமா என்று எழுதிவிட முடியாது. ரத்தசோகையிலும் குறையும், நுரையீரலில் தழும்பேறினாலும் குறையும். காலையில் சிகரெட் பிடித்துவிட்டு வந்தாலும் குறைத்தே காட்டும். ஹீமோகுளோபின் அளவைப் பார்க்காமல் நான் ரிப்போர்ட் அனுப்புவதில்லை.

என் தவறு ஒன்றும் இன்றுவரை உறுத்துகிறது. ஒரு அம்மா 3 நொடியிலேயே ஊதுவதை நிறுத்திவிட்டார். களைத்துவிட்டாரே என்று அதையே ஏற்றுக்கொண்டேன். மொத்தக் காற்று குறைவாகப் பதிவாகி, முதல் நொடிக் காற்றை மொத்தக் காற்றால் வகுத்து வரும் விகிதம் 0.7-ஐத் தாண்டி, அடைப்பே இல்லாதது போல வந்துவிட்டது. மறுமுறை ஓய்வு கொடுத்துக் கொடுத்து, "விடாதீங்கம்மா, இன்னும் இன்னும்" என்று கூடவே நின்றேன். அடைப்பைக் காட்டும், உள்பக்கமாகக் குழிந்த வளைவு திரையில் தெளிவாக விழுந்தது.

2 மில்லிமீட்டருக்கும் குறைவான குழாய்களில் தொடங்கும் சேதம் ஊதும் டெஸ்ட்டில் வெகுநாள் பிடிபடாது. அதற்கு வேறு சோதனை இருக்கிறது. தூய ஆக்சிஜனை நிதானமாகச் சுவாசிக்கவிட்டு, வெளிவரும் காற்றில் நைட்ரஜன் தொடக்க அளவில் 40-ல் ஒரு பங்காக இறங்கும்வரை காத்திருப்போம். காற்றோட்டமில்லாத மூலைகள் இருந்தால் திரையில் நைட்ரஜன் கோடு இறங்கி முடியாமல் வால் போல நீண்டுகொண்டே போகும்.

மெலிந்தவர் இப்போதும் வருகிறார். "தம்பி, போன தடவைக்கு இப்போ எப்படி?" என்று கேட்பார். இரண்டு சோதனைத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிதானமாகக் காட்டுகிறேன்.