ஆய்வறிக்கையிலிருந்து செகாம்புட் சாலை வரை

கோலாலம்பூரின் செகாம்புட் பகுதியில் ஒரு தொழிற்பேட்டைச் சாலையில் கட்டிப்பால், அதாவது உறைந்த ரப்பர் பால், கலந்த தாரைப் போட்டு முடித்திருக்கிறோம். போட்டது ஒரே ஓர் இரவு வேலை. அந்த இரவுக்கு வந்து சேர்வதுதான் பெரும்பாடு. சாலை ஆய்வில் முனைவர் பட்டம் செய்யும் நம் பிள்ளைகள் சிலர், "ஆய்வு முடிந்தது, இதை எப்படிக் களத்துக்குக் கொண்டு போவது?" என்று என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்காகவே நடந்ததை எழுதுகிறேன். நான் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சாலைப் பொறியாளர்.

ரப்பர் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய குடும்பங்களுக்குக் கட்டிப்பாலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) வடிந்த பால் அப்படியே உறைந்து கட்டியாகிவிடும். அந்த நாற்றம் தோட்டத்தை விட்டு வந்து எத்தனை வருடம் ஆனாலும் மூக்கை விட்டுப் போகாது. இன்று சிறுதோட்டக்காரர்கள் பெரும்பாலும் கட்டியாகத்தான் விற்கிறார்கள். விலை விழுந்தால் முதலில் அடிபடுவதும் அவர்கள்தான். அந்தக் கட்டியைக் கிழித்துப் பதப்படுத்தித் தாரோடு கலந்தால், தார் வெயிலில் சட்டென்று இளகாது. பார லாரிகள் ஓடும் இடத்தில் சக்கரத் தடம் பள்ளமாக இறங்குவதும் குறையும். மலேசிய ரப்பர் வாரியமும் பொதுப்பணித் துறையும் இதில் பல ஆண்டுகளாக வேலை செய்திருக்கின்றன. துறைமுகச் சாலைகளிலும் தொழிற்பேட்டைச் சாலைகளிலும் பயன்படுத்துவதற்காக 2019 வரவு செலவுத் திட்டத்தில் 100 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கினார்கள். என் பாட்டியும் அப்பாவும் பால் மரம் வெட்டியவர்கள். இந்த வேலையை நான் விடாமல் பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆய்வு நன்றாக இருந்தால் போதும், தானாக நடைமுறைக்கு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சில விஷயங்கள் அப்படி வருவதும் உண்டு. பகலிலும் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு எரிய வேண்டும் என்று 1992இல் இங்கே விதி வந்தது. செரம்பானிலும் ஷா ஆலாமிலும் நடந்த ஆய்வில், எதிரே வரும் மோட்டார் சைக்கிள் கண்ணில் படாததால் நேரும் விபத்துகள் 29 விழுக்காடு குறைந்ததாகத் தெரிந்தது. அங்கே ஒரு விதியும் ஒரு விசையும் போதுமானதாக இருந்தன. தார் விஷயம் வேறு. குவாரிக்காரர், கல்லையும் தாரையும் கலக்கும் பிரீமிக்ஸ் ஆலைக்காரர், லாரி ஓட்டுநர், ஆட்களை மேய்க்கும் மண்டோர், ரோலர் ஓட்டுபவர் என்று எத்தனையோ கை மாறித்தான் சாலைக்கு வருகிறது. நடுவில் ஒரு கை தளர்ந்தாலும் ஆய்வு தோற்றதாகத்தான் ஊர் பேசும்.

முதலில் சாலையை வைத்திருப்பவரின் சம்மதம் வேண்டும். எங்களிடம் அவர்கள் கேட்ட முதல் கேள்வி தாரைப் பற்றியது அல்ல. "ஒப்பந்தக்காரரின் பழுதுப் பொறுப்புக் காலத்துக்குள் சாலை கெட்டால் யார் செலவு?" என்றுதான் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒப்பந்தக்காரர் தனக்குப் பழக்கமில்லாத பொருளுக்கு உத்தரவாதம் தர மாட்டார். பல்கலைக்கழகத்திடம் அதற்கான பணம் இருக்காது. இந்த இடத்திலேயே நின்றுபோன ஆய்வுகளை நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் பேசி முடித்தது இப்படி: எப்படியும் மேல்தார் மாற்ற வேண்டிய சாலையாக எடுத்துக்கொள்வது, அதில் ஒரு துண்டுக்கு மட்டும் கட்டிப்பால் தார், அதையொட்டி அதே நாளில் வழக்கமான 60/70 ரகத் தார். பழுதானால் சுரண்டி எடுத்துவிட்டு வழக்கமான கலவையைப் போடும் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அந்தத் தாளுக்கு அப்புறம்தான் கூட்டங்களில் எல்லாரும் மனம்விட்டுப் பேச ஆரம்பித்தார்கள்.

இடத்தைத் தேர்வு செய்வதிலும் இழுபறி இருந்தது. அவர்கள் நேரான, நல்ல துண்டு ஒன்றைக் காட்டினார்கள். நான் சமிக்ஞை விளக்குக்கு முன்னால் லாரிகள் பிரேக் போட்டு நிற்கும் துண்டைக் கேட்டேன். சுமை மெதுவாக நகரும் இடத்தில், நிற்கும் இடத்தில்தான் தார் அதிகம் அமுங்கும். அங்கே தாக்குப்பிடித்தால்தான் அது சோதனை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டிப் பார்த்த பெரிய சாலைச் சோதனை ஒன்று உண்டு. சேதம் அச்சுப் பாரத்தின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்ற கணக்கு அதிலிருந்து வந்தது. பாரம் இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. கார்களை விட்டுவிட்டு லாரிகளை மட்டும் எண்ணிக் காட்டினேன், வாதம் முடிந்தது. அறுபது வருடத்துக்கும் மேலாகத் தினமும் பயன்படும் ஆய்வு என்றால் அது ஒன்று.

அடுத்து, மாணவரின் ஆய்வறிக்கையைக் களத்தில் இருப்பவர்களுக்கான வேலைத்தாளாக மாற்ற வேண்டும். மாணவர்கள் இதைச் சின்ன வேலை என்று நினைக்கிறார்கள். எனக்கு இதுதான் மொத்த வேலையிலும் கடினமான பகுதி. அறிக்கையில் "சிறப்பான செயல்திறன் காணப்பட்டது" என்று இருக்கும். ஆலையில் இருப்பவருக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கலவை எத்தனை டிகிரியில் வெளியே வர வேண்டும், எத்தனை டிகிரிக்குக் கீழே போனால் லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டும், தாரைத் தொட்டியில் எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதுதான் அவருக்குத் தேவை. ரப்பர் சேர்ந்த தார் கெட்டியாக இருக்கும், அதனால் வழக்கத்தைவிடக் கூடுதல் சூடு வேண்டும். கிளறாமல் விட்டால் ரப்பர் பிரிந்துவிடும். இதைச் சோதிக்க, தாரை ஒரு குழாயில் ஊற்றி 163 டிகிரி செல்சியஸ் அடுப்பில் 48 மணி நேரம் நிற்க வைத்து, மேல்பகுதியும் அடிப்பகுதியும் இளகும் வெப்பநிலையை ஒப்பிடுவார்கள். வித்தியாசம் 2.2 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அறிக்கையில் வந்த எண்களை நம்பி நிற்காமல், எங்கள் குவாரிக் கல்லை வைத்தே, கலவையின் உறுதியைப் பார்க்கும் மார்ஷல் சோதனையையும் திரும்பச் செய்தோம். பொதுப்பணித் துறையின் தர விவரம் மேல்தாருக்குக் கேட்கும் காற்றிடைவெளி 3 முதல் 5 விழுக்காடு. கல் மாறினால் அந்த எண்ணும் ஆடும்.

மதியம் இடி மழை கொட்டினால் அன்றைய இரவு வேலை இல்லை. அதைச் சொல்லவே வேண்டாம், கோலாலம்பூர் வானம் அப்படி.

தார் போட்ட அந்த இரவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வழக்கமான துண்டைப் பேவர் (கலவையை விரிக்கும் இயந்திரம்) முதலில் விரித்து முடித்தது. பிறகு எங்கள் கலவை வந்தது. துப்பாக்கி மாதிரி இருக்கும் கருவி மேல்தோலின் சூட்டை மட்டும்தான் காட்டும் என்பதால், நீளக் கம்பி வெப்பமானியைக் குவியலுக்குள் குத்திப் பார்த்தேன். சூடு சரியாக இருந்தது. இரும்பு ரோலர் போனது, அதுவும் சரி. அப்புறம் டயர் ரோலர் ஏறியதும் கலவை துண்டு துண்டாக டயரில் ஒட்டிக்கொண்டு வந்தது. புத்தம்புதிய தாரில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். ஓர் இளைஞர் டீசல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். டீசல் பட்டால் தார் கரையும், வேண்டாம் என்று நிறுத்தினோம்.

ரோலர் ஓட்டிய அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும். இறங்கி வந்து டயரில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "டயர் சூடாகலம்மா. பச்சை டயர்ல இந்தத் தார் ஒட்டத்தான் செய்யும்" என்றார்.

"என்ன பண்ணலாம்ணே?"

"அந்தப் பக்கம் சாதாத் தார் இன்னும் சூடாத்தானே கிடக்கு? அதுல ரெண்டு ஓட்டு ஓட்டி டயரைச் சுட வச்சுட்டு வரேன். அப்புறம் நடுவுல எங்கயும் நிறுத்தக் கூடாது."

அப்படியே செய்தார். சவர்க்காரத் தண்ணீரை மட்டும் டயரில் லேசாகத் தெளித்தார்கள். ஒட்டுவது நின்றது. பெயர்ந்த இடங்களைச் சூடு ஆறுவதற்குள் ஆட்கள் கையால் நிரப்பிச் சமன் செய்தார்கள், மேலேயே ரோலரும் போனது. அந்த அறிக்கையை நான் வரிக்கு வரி படித்தவள். டயரைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. ஆய்வுக்கூடத்தில் டயர் ரோலர் இல்லையே, எப்படி இருக்கும்? மறுநாளே வேலைமுறைத் தாளைத் திருத்தினேன். டயரை முன்கூட்டிச் சூடாக்க வேண்டும், டீசல் கூடாது, ரோலரை நடுவில் நிறுத்தக் கூடாது. மூன்றும் அந்த அண்ணன் வாயிலிருந்தும் அன்றைய களத்திலிருந்தும் வந்தவை. தமிழிலும் மலாயிலும் எழுதி ஆலையிலும் பேவரிலும் ஒட்டச் சொன்னேன்.

பிறகு சாலையிலிருந்து கோர் (உருளை வடிவ மாதிரித் துண்டு) வெட்டி எடுத்தோம், அடர்த்தி பார்த்தோம், சரியாக வந்தது. அதில் சொல்ல அதிகமில்லை.

இனி இருப்பது காத்திருக்கும் வேலை. முதல் வருடத்தில் எந்தத் தாரும் அழகாகத்தான் இருக்கும். இரண்டு துண்டிலும் ஒரே இடங்களில் ஆணி அடித்து, சக்கரத் தடத்தின் குறுக்கே நேர்கோல் வைத்துப் பள்ளத்தின் ஆழத்தை அளக்கிறோம். ஆய்வு செய்த மாணவர் பட்டம் வாங்கிப் போய்விடுவார், நானும் வேறு வேலைக்கு மாறலாம். அதனால் அளப்பது யார், எந்த மாதத்தில் என்பதைச் சாலைப் பராமரிப்பு அட்டவணையிலேயே சேர்க்கச் சொல்லி வற்புறுத்தினேன். ஒப்புக்கொண்டார்கள். ஒப்பந்த விலைப்பட்டியலிலும் கட்டிப்பால் தாருக்கென்று தனிப் பதிவு கேட்டிருக்கிறேன். அந்தப் பதிவு இல்லாவிட்டால் ஒப்பந்தக்காரர் விலை சொல்ல வழியில்லை, விலை இல்லாத பொருளை யாரும் வாங்குவதும் இல்லை. கட்டிப்பால் தார் விலை கூடுதல்தான். எத்தனை வருடம் கூடுதலாகத் தாங்கினால் அந்தக் காசு திரும்பும் என்ற கணக்கை அந்தக் கோரிக்கையோடு சேர்த்தே கொடுத்துவிட்டேன். அந்தக் கோரிக்கைக்குப் பதில் இன்னும் வரவில்லை, வாராவாரம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.