எலியை அறுக்காமல் கட்டியைப் பார்ப்பது

முன்பெல்லாம் ஆய்வக எலிக்குள் புற்றுநோய்க் கட்டி எப்படி வளர்கிறது என்று பார்க்க, ஒவ்வொரு கட்டத்திலும் சில எலிகளை அறுத்தே ஆக வேண்டும். இப்போது அதே எலியை வாராவாரம் படம் எடுக்கலாம். அதன் பழைய படமே அதற்கு ஒப்பீடு. விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவும் எங்களிடம் முதலில் கேட்டது, இதனால் எத்தனை எலிகள் குறையும் என்றுதான்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது உயிரொளிப் படமுறை. மின்மினிப் பூச்சியை ஒளிரவைக்கும் லூசிஃபெரேஸ் என்ற நொதியின் மரபணுவை ஏற்றிய புற்றுநோய் செல்களை எலிக்குள் செலுத்துவோம். அப்புறம் அந்த நொதி வினைபுரியும் லூசிஃபெரின் என்ற பொருளை ஊசி போட்டால் அந்த செல்கள் மட்டும் ஒளிரும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. ஒளி புகாத பெட்டியும் நன்றாகக் குளிரூட்டிய கேமராவும் வேண்டும்.

படம் எடுப்பதென்னவோ ஒரு நிமிட வேலைதான். பாடெல்லாம் அதற்கு முன்னால். எலியை எடை போட்டு, கிலோவுக்கு 150 மில்லிகிராம் கணக்கில் லூசிஃபெரினை அளக்க வேண்டும். 25 கிராம் எலிக்கு, மில்லிலிட்டருக்கு 15 மில்லிகிராம் கரைசலில் கால் மில்லிலிட்டர். அதை வயிற்றறைக்குள் போட வேண்டும். ஊசி குடலுக்குள் இறங்கிவிட்டால் வெளிச்சம் சரியாக வராது, கட்டி சுருங்கிவிட்டது போலத் தோன்றும். படம் எடுக்கையில் எலி அசையாமலிருக்கக் கொடுக்கும் ஐசோஃப்ளூரேன் வாயு மயக்கத்தில் அதன் உடல் மளமளவென்று குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் ரத்த ஓட்டம் மந்தமாகும், வெளிச்சமும் மாறும். அதனால் மயக்கப் பெட்டியிலிருந்தே சூடு கொடுக்கிறோம். கண் உலராமல் களிம்பும் உண்டு.

ஊசி போட்டு 10 முதல் 15 நிமிடத்தில் ஒளி உச்சத்துக்கு வரும் என்பார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து அது மாறும். ஆரம்பத்திலேயே சில எலிகளைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை படம் எடுத்து ஒளி நேரத்தோடு ஏறி இறங்கும் உங்கள் வளைவை வரைந்துகொள்ளுங்கள். பிறகு எல்லா எலிக்கும் அந்த நேரம்தான். கறுப்பு எலியென்றால் முடியை மழிக்க வேண்டும், முடி ஒளியை விழுங்கிவிடும்.

வண்ணப் படத்தைப் பார்த்து மயங்குவதும் வழக்கம். மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் தனி வண்ண அளவுகோல் போடும். அதைப் பூட்டாவிட்டால் முதல் வாரச் சிவப்பும் நான்காம் வாரச் சிவப்பும் ஒன்றல்ல. நான் வண்ணத்தை விட்டுவிட்டு விநாடிக்கு வரும் ஃபோட்டான் (ஒளித்துகள்) கணக்கைத்தான் பார்க்கிறேன்.

அதிலும் ஒரு சிக்கல். இந்த ஒளிக்கு ஆக்சிஜனும், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறும் வேண்டும். பெரிய கட்டியின் நடுப்பகுதி செத்துப்போனால் அங்கே வெளிச்சம் இருக்காது. கட்டி பெரிதாகும், எண் குறையும்; மருந்து வேலை செய்கிறது என்று யாராவது துள்ளுவார்கள். ஆகவே பெரிய கட்டிகளை எம்ஆர்ஐயிலும் பார்க்கிறோம். அங்கே மூச்சு அசைவில் படம் கலங்கும், எலியின் மூச்சோடு ஸ்கேனை ஒத்திசைக்க வேண்டும். நேரம் பிடிக்கிறது, ஆனால் கன அளவு நேரடியாகக் கிடைக்கிறது.