76 ஹாட் டாக், கூடவே 76 பன்

சுதந்திர தினமான ஜூலை 4 அன்று அமெரிக்காவில் கிரில் அடுப்பு மூட்டிய எந்தக் கொல்லைப்புறத்திலும் சாயங்காலம் ஒரு குரல் கேட்கும்: "மச்சான், பன் தீர்ந்துபோச்சு. சாசேஜ் மட்டும் நாலு கிடக்கு." நீள பன்னைக் கீறி, அரைத்த இறைச்சி அடைத்த சாசேஜை நடுவில் வைத்தால்தானே ஹாட் டாக்.

கடைக்குப் போனவருக்குக் கணக்கு வராது என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுவார்கள். பாவம், அவர் ரெண்டு பாக்கெட் சாசேஜ், ரெண்டு பாக்கெட் பன் என்று ஒழுங்காகத்தான் வாங்கியிருப்பார். சாசேஜ் அங்கே பவுண்டு கணக்கில் விற்கிறது. 45 கிராம் சாசேஜ் பத்து சேர்ந்தால் ஒரு பவுண்டு. பேக்கரிக்காரர்கள் நாலு நாலாக ஒட்டி வேகும் தட்டில் பன் சுடுகிறார்கள், ஆகவே பாக்கெட்டில் எட்டு. இறைச்சிக்காரரும் ரொட்டிக்காரரும் இத்தனை காலமாக ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசவில்லை. மிச்சம் விழாமல் இருக்க வேண்டுமென்றால் சாசேஜ் 4 பாக்கெட், பன் 5 பாக்கெட், ஆக மொத்தம் 40 ஹாட் டாக். நாலு பேர் இருக்கும் வீட்டில் ஆளுக்குப் பத்து! அதற்கு இஷ்டமில்லாதவர்கள் 57 கிராம் எடையில் பாக்கெட்டுக்கு எட்டாக வரும் வகையை எடுக்கலாம். முழு மாட்டிறைச்சி பிராண்டுகளில் இப்போது இது சுலபமாகக் கிடைக்கிறது.

இவ்வளவு தகராறு பண்ணும் பன்னைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. சண்டையெல்லாம் சாசேஜ் பிராண்டைப் பற்றித்தான். நேதன்ஸ் கட்சி, ஹீப்ரு நேஷனல் கட்சி, சிகாகோவிலிருந்து வந்தவர் ஒருவர் இருந்துவிட்டால் வியன்னா பீஃப் கட்சி. மூன்றுமே முழு மாட்டிறைச்சி. நேதன்ஸில் பூண்டும் உப்பும் தூக்கல், கொழுப்பும் நன்றாகத் தெரியும். ஹீப்ரு நேஷனல் யூதர்களின் கோஷர் என்ற மத உணவு விதிப்படி செய்வது, 1905இல் நியூயார்க்கில் தொடங்கியது. கொஞ்சம் சாது, முதல் கடியிலேயே தாக்காது. வியன்னா பீஃப் 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் விற்று வளர்ந்த கம்பெனி, அதில் புகை வாசம் முன்னால் வரும். நியூயார்க் தெருமுனைகளில் நீலமும் மஞ்சளுமான குடைக்குக் கீழே வெந்நீரில் மிதப்பது சப்ரெட். ஊர்க்காரர்கள் அதை 'அழுக்குத் தண்ணி டாக்' என்று பாசமாகத்தான் கூப்பிடுகிறார்கள். தக்காளிச் சாற்றில் வேகவைத்த வெங்காயத்தை மேலே போட்டு வாங்கினால் அந்தத் தண்ணீரைப் பற்றிய கேள்வியெல்லாம் மறந்துவிடும்.

ஆஸ்கர் மேயரின் சாதாரண மஞ்சள் பாக்கெட் வேறு ஜாதி. வான்கோழி, கோழி, பன்றி மூன்றும் கலந்தது. மெத்தென்று, லேசான இனிப்போடு, பல்லில்லாதவரும் சாப்பிடும்படி இருக்கும். குழந்தைகளின் ஓட்டு எப்போதும் இதற்கே. மாட்டிறைச்சி வேண்டாம் என்பதற்காக இதை எடுத்துவரும் நம்மவர்கள் உண்டு. பன்றியும் வேண்டாம் என்றால் பின்பக்க எழுத்தைப் படித்துவிட வேண்டும். 'வான்கோழி' என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் இறைச்சியை அடைத்திருக்கும் தோல் எந்த மிருகத்துடையது என்று பார்ப்பது நல்லது. உள்ளே இருக்கும் இறைச்சியும் வெளித்தோலும் வெவ்வேறு இனம் என்றால் லேபிளில் சொல்லியாக வேண்டும் என்பது அங்கே சட்டம்.

சட்டம் இன்னும் சில விஷயங்களையும் கட்டிப்போட்டிருக்கிறது. கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; கொழுப்பும் சேர்த்த தண்ணீரும் கூட்டினால் 40 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எலும்பிலிருந்து எந்திரத்தால் வழித்தெடுத்த மாட்டிறைச்சியை 2004 முதல் உணவில் சேர்க்கவே கூடாது. கோழிக்கும் வான்கோழிக்கும் அந்தத் தடை இல்லை, லேபிளில் எழுதினால் போதும். மலிவு பாக்கெட் ஏன் மலிவு என்பதற்குப் பதில் அந்த ஒரு வரியில் இருக்கிறது. இறைச்சி கெடாமல் இருக்கச் சேர்க்கும் உப்பு நைட்ரைட். 'நைட்ரைட் சேர்க்கவில்லை' என்று பெருமையாகப் போடும் பாக்கெட்டில் செலரிக் கீரைப் பொடி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். அதிலிருந்து வருவதும் அதே நைட்ரைட்தான், வாசல் மட்டும் வேறு.

ருசியில் பிராண்டைவிடப் பெரிய வித்தியாசம் தோலில் இருக்கிறது. ஆட்டுக்குடல் தோல் போட்ட சாசேஜைக் கடித்தால் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். பாக்கெட்டில் வருவதில் பெரும்பாலானவை தோலில்லாதவை. செல்லுலோஸ் என்ற தாவர நாரால் ஆன குழாயில் அடைத்து வேகவைத்து, ஆறியதும் எந்திரம் அந்தக் குழாயை உரித்துவிடும். சில ஆலைகளில் குழாய் மேல் நீளவாக்கில் ஒரு கலர் கோடு இருக்கும். உரிபடாமல் தப்பித்த சாசேஜ் அந்தக் கோட்டால் மாட்டிக்கொள்ளும். கோடு போட்ட சாசேஜ் உங்கள் தட்டில் விழுந்தால் அதிர்ஷ்டம் என்று நினைத்துக் கடிக்காதீர்கள், உரித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

பிராண்டுச் சண்டையைத் தீர்க்க ஒரே வழி கண்ணைக் கட்டிவிட்டுச் சாப்பிடச் சொல்வது. இதை முறையாகச் செய்ய வேண்டும். தோலுள்ளதைத் தோலுள்ளதோடும் இல்லாததை இல்லாததோடும் மோதவிடுங்கள்; கலந்தால் முதல் கடியிலேயே பெயர் தெரிந்துவிடும். ஐந்து பிராண்டுக்கு மேல் வேண்டாம். ஒரு சாசேஜில் 400, 500 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது, ஆறாவதிலிருந்து நாக்குக்கு உப்பு மட்டும்தான் தெரியும். கிரில்லில் சுடாதீர்கள், கரிந்த வாசம் எல்லாப் பிராண்டையும் அண்ணன் தம்பி ஆக்கிவிடும். தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பைத் தணித்து, குமிழி அடங்கிய பிறகு போட்டு ஆறேழு நிமிடம் வையுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகித் தோல் பிளக்கும், சாறும் கொழுப்பும் தண்ணீரோடு போய்விடும். பிறகு விரற்கடை நீளத்துக்கு வெட்டி, எண் ஒட்டிய பல்குச்சி குத்தி, சூடாகவே பரிமாற வேண்டும். ஆறினால் கொழுப்பு நாக்கில் படிந்து அடுத்த துண்டின் ருசியைக் கெடுக்கும். இடையில் ஒரு வாய் தண்ணீர், ஒரு கடி வெறும் ரொட்டி.

சாஸ் எதுவும் கூடாது. கெட்சப் கேட்டு ஒரு பெரியவர் கை நீட்டுவார், கொடுக்காதீர்கள். அமெரிக்க ஹாட் டாக் கவுன்சிலே 18 வயது தாண்டியவர்கள் கெட்சப் போடக் கூடாது என்று ஒழுங்குவிதி வைத்திருக்கிறது. சிகாகோவில் இது கிட்டத்தட்ட மத விவகாரம். மஞ்சள் கடுகுச் சாஸ், பளீரென்ற பச்சை ரெலிஷ் (பொடியாக நறுக்கிய ஊறுகாய்), நறுக்கிய வெங்காயம், தக்காளி, நீளமாகக் கீறிய வெள்ளரி ஊறுகாய், குட்டி மிளகாய், செலரி உப்பு எல்லாம் ஏறலாம். கெட்சப் மட்டும் கூடாது.

இந்தச் சோதனையின் முடிவு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கட்சிக்காரர் தன் கட்சிக்கே மூன்றாம் இடம் கொடுத்துவிட்டு, "அது ஆறிப்போயிருந்தது" என்பார். அதே சாசேஜை நல்ல பன்னில் வைத்துக் கொடுங்கள், உடனே முதலிடத்துக்கு வந்துவிடும். பன்னைக் கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே சல்லடையில் வைத்து அரை நிமிடம் ஆவி காட்டலாம். இல்லாவிட்டால் வெட்டிய பக்கத்தில் வெண்ணெய் தடவிக் கல்லில் சிவக்கவிடலாம். சிவந்த பக்கம் சாற்றைச் சீக்கிரம் உறிஞ்சாது, அடிப்பக்கம் கிழிந்து சாசேஜ் மடியில் விழாது. கடுகுச் சாஸைப் பன்னில் தடவாமல் சாசேஜின் மேலேயே விடுவதும் இதற்காகத்தான். பாக்கெட்டிலிருந்து எடுத்த பன்னை அப்படியே கொடுப்பவர் எந்தப் பிராண்டு வாங்கினாலும் ஒன்றுதான்.

குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது வட்ட வட்டமாக நறுக்காதீர்கள். அந்த வட்டம் சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாயை அடைக்கச் சரியான அளவு. நீளவாக்கில் நாலாகக் கீறிப் பிறகு சின்னதாக வெட்டுங்கள்.

சாயங்காலம் இவ்வளவு யோசித்துச் சாப்பிடும் இதே ஜனம், அன்று மத்தியானம் டிவியில் பார்த்தது என்ன தெரியுமா? புரூக்ளினில் கோனி தீவு, சர்ஃப் அவென்யூவும் ஸ்டில்வெல் அவென்யூவும் சந்திக்கும் முனை, நேதன்ஸ் கடை. 10 நிமிடத்தில் யார் அதிக ஹாட் டாக் சாப்பிடுகிறார்கள் என்ற போட்டி. 1916இல் நேதன் ஹேண்ட்வெர்க்கர் கடை திறந்தார். தான் முன்பு வேலை பார்த்த ஃபெல்ட்மேன் கடையில் 10 சென்ட் விற்றதை 5 சென்ட்டுக்கு விற்றார். அதே 1916 ஜூலை 4 அன்று நாலு பேர் தேசபக்தியை நிரூபிக்கச் சாப்பிட்டுப் போட்டியிட்டார்கள் என்ற கதை பல காலம் ஓடியது. அது தாங்கள் விட்ட கயிறு என்று விளம்பரக்காரர் ஒருவரே 2010இல் ஒப்புக்கொண்டுவிட்டார். நிஜப் போட்டி 1970களில்தான் தொடங்கியது.

2001 வரை 25 சாப்பிட்டால் பெரிய ஆள். அந்த வருடம் ஜப்பானிலிருந்து டகேரு கோபயாஷி என்ற ஒல்லி இளைஞர் வந்தார். அப்போது போட்டி 12 நிமிடம். மணி அடித்தபோது அவர் கணக்கு 50. எண்ணிக்கை காட்டுபவர்களிடம் அவ்வளவு பெரிய எண்ணுக்கு அட்டையே இல்லை, கையால் எழுதிக் காட்டினார்கள். பந்திக்கு முந்தச் சொன்னவர்கள்கூட இப்படி ஒருவரை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அவர் சாப்பிட்டதைக் கவனித்தால் விஷயம் புரியும். சாசேஜை இரண்டாக முறித்து, இரண்டு பாதியையும் ஒரே நேரத்தில் வாயில் நுழைத்தார். பன்னைத் தனியாக எடுத்துத் தண்ணீரில் முக்கி, பிழிந்து, உருண்டையாக்கி உள்ளே தள்ளினார். நடுநடுவே இடுப்பை ஆட்டிக் குலுக்கினார். மேடையில் சாசேஜ் ஒரு பிரச்சினையே இல்லை. கொழுப்பும் உப்பும் உள்ள வழுக்கும் பொருள், தானாக இறங்கும். பன் அப்படி இல்லை. காய்ந்தது, காற்று நிறைந்தது, எச்சிலை உறிஞ்சித் தொண்டையில் நிற்கும். டீக்கடையில் பன்னை டீயில் முக்கிச் சாப்பிடுகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். அளவுக்கு மீறி ஊறினால் பன் கரைந்து கோப்பையிலும் மேஜையிலும் போய்விடும். அப்படிச் சிந்தியதை நடுவர்கள் கணக்கிலிருந்து கழிப்பார்கள். மணி அடிக்கும்போது வாயில் இருப்பது கணக்கில் சேரும், விழுங்கிவிட்டால். வாந்தி எடுத்தால் ஆட்டத்திலிருந்து வெளியே. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'அதிர்ஷ்டத்தின் தலைகீழ்'. நம்மூர் கல்யாணப் பந்தி நாகரிகமெல்லாம் இதற்கு முன்னால் நிற்காது.

2007இல் கலிஃபோர்னியாவின் ஜோயி செஸ்ட்நட் 66 சாப்பிட்டு, 63 சாப்பிட்ட கோபயாஷியை வீழ்த்தினார். 2008இல் நேரம் 10 நிமிடமாகக் குறைந்தது. அந்த வருடம் இருவருக்கும் 59. ஐந்தை யார் முதலில் முடிப்பது என்று மறுபடி சாப்பிடவைத்தார்கள், செஸ்ட்நட் முடித்தார். 59க்குப் பிறகு இன்னும் ஐந்து! 2021இல் அவர் 76. அதாவது ஒன்றுக்கு எட்டு நொடிகூட இல்லை. பன்னோடு ஒன்றுக்கு 280 கலோரி வைத்தாலும் 21,000 தாண்டும், சாதாரண மனிதனுக்குப் பத்து நாள் சாப்பாடு. பெண்கள் பிரிவில் மிக்கி சூடோ 2024இல் 51 சாப்பிட்டார்.

இவ்வளவும் எங்கே போகிறது என்று பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2007இல் எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். நல்ல பசிக்காரர் ஒருவர் 7 ஹாட் டாக்கில் கையெடுத்தார். போட்டியாளர் 10 நிமிடத்தில் 36 சாப்பிட்டும் வயிறு நிறைந்ததாகவே உணரவில்லை. அவருடைய இரைப்பை சுருங்கி அரைப்பதை விட்டுவிட்டு வெறுமனே விரிந்துகொண்டே போயிருந்தது. இப்படி விரியப் பழகிய இரைப்பை பிற்காலத்தில் சுருங்க மறுக்கலாம் என்பது அந்த மருத்துவர்களின் கவலை. போட்டி அமைப்பாளர்களும் வீட்டில் பயிற்சி செய்யாதீர்கள் என்கிறார்கள். வயிற்றை விரிக்க லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி மூளை வீங்கும், உயிரே போகும். மேடைக்குப் பக்கத்தில் மருத்துவக் குழு நிற்பது அழகுக்கு அல்ல.

2024இல் செஸ்ட்நட்டையே நேதன்ஸ் போட்டியிலிருந்து தள்ளிவைத்தார்கள். காரணம், இம்பாசிபிள் ஃபுட்ஸ் என்ற கம்பெனியின் சைவ சாசேஜுக்கு அவர் விளம்பர ஒப்பந்தம் போட்டது. 76 மாட்டிறைச்சி சாசேஜ் சாப்பிட்டவருக்கு சைவத்தால் வந்த வினை. அந்த ஜூலையில் பேட்ரிக் பெர்ட்டலெட்டி 58 சாப்பிட்டு ஜெயித்தார். செப்டம்பரில் லாஸ் வேகாஸில் நெட்ஃபிளிக்ஸ் நடத்திய தனிப் போட்டியில் செஸ்ட்நட்டும் கோபயாஷியும் பழைய பகையோடு எதிரெதிரே நின்றார்கள். அங்கே விதி கடுமை: பன்னைத் தண்ணீரில் முக்கக் கூடாது, சாசேஜிலிருந்து பிரிக்கவும் கூடாது. பன் தொண்டையை அடைக்கும், எண்ணிக்கை அறுபதைத் தாண்டாது என்றுதான் யாருக்கும் தோன்றும். கோபயாஷி 66. செஸ்ட்நட் 83, காய்ந்த பன்னோடு. மறு ஜூலையில் கோனி தீவுக்குத் திரும்பி, தண்ணீரில் தாராளமாக முக்கிச் சாப்பிட்டவருக்குக் கிடைத்தது எழுபதரை.