பரோக் குரலிசை ஆடிஷனா? முதலில் பாஸ் வரியைப் படியுங்கள்

பரோக் (ஏறத்தாழ 1600–1750 கால ஐரோப்பிய இசை) குரலிசை முதுகலைக்கு இடம் கிடைத்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் பாசலுக்கோ நெதர்லாந்தின் தி ஹேக்குக்கோ விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்காகச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். காணொளிச் சுற்று, பாட்டுப் பட்டியல் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: பாஸ் வரியை, அதாவது பாட்டுக்கு அடியில் ஓடும் கீழ்ச்சுர வரியை, படியுங்கள். அந்தக் கால ஏட்டில் பல பாட்டுகளுக்குப் பாடகரின் வரி, கீழே பாஸ், அதோடு சேர்ந்து ஒலிக்க வேண்டிய சுரங்களைக் குறிக்கும் சில எண்கள், அவ்வளவுதான் இருக்கும். நடுவில் உள்ளதை ஹார்ப்சிகார்டோ (பியானோவுக்கு முந்தைய கீபோர்டு வாத்தியம்) தியோர்போவோ (நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியம்) வாசிப்பவர் அங்கேயே உருவாக்குகிறார். தன் வரியை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு எந்தச் சுரம் பாஸோடு உரசுகிறது என்றே தெரியாது. சொல்லின் வலி அந்த உரசலில்தான் இருக்கிறது. அங்கே அழுத்தி நின்று, இணையும் இடத்தில் தளர வேண்டும்.

நேரடிச் சுற்றில் ஹேண்டலின் 'ஜூலியோ சேசரே' ஓபராவிலிருந்து கிளியோபாட்ராவின் 'பியாஞ்செரோ' பாடினேன். முதலில் அழுகை. நடுவில், செத்தாலும் பேயாக வந்து வதைப்பேன் என்ற சீற்றம். அதன்பின் முதல் பகுதியே திரும்பப் பாடப்படும்; அந்த அழுகை பழைய அழுகையாக இருக்க முடியாது, பாடகர் மெட்டில் சேர்க்கும் அலங்காரம் அதைக் காட்ட வேண்டும். நான் முடித்ததும் ஒரு நடுவர், "சரி, இப்போது வேறு மாதிரி" என்றார். எழுதி வைத்த அலங்காரம் மட்டும் இருந்திருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். பாஸ் காதில் இருந்ததால் வேறு வழி பிறந்தது. எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தது அந்தச் சில நிமிடங்கள்தான்.

ஓபராவுக்குப் போதாத குரல்களுக்குத்தான் பரோக் என்று என் பழைய ஆசிரியர் ஒருவர் சொன்னது இன்னும் வலிக்கிறது. 1724இல் இதே கிளியோபாட்ரா பாத்திரத்தைப் பாடகி குட்சோனி பாடியது லண்டனின் ஓபரா அரங்கில்தான்.

மற்றவை:

- சுருதி: A சுரத்துக்கு 415 ஹெர்ட்ஸ், அதாவது இன்றைய 440ஐவிட ஏறத்தாழ அரைக் கட்டை கீழே. பிரெஞ்சுப் பாட்டு என்றால் 392கூட வரலாம். அந்தச் சுருதியிலேயே சாதகம் செய்யுங்கள்.
- ரெசிட்டேட்டிவை (பேச்சு நடையில் பாடும் பகுதி) பாடும் முன் பேசிப் பழகுங்கள், இத்தாலியம் தெரிந்தவர் முன்னால்.
- இத்தாலிய இசையமைப்பாளர் மான்டெவெர்டியின் பாட்டைப் பாடுவதென்றால், ஒரே சுரத்தைத் தொண்டையில் படபடவெனத் தட்டும் த்ரில்லோவுக்குத் தினமும் நேரம் ஒதுக்குங்கள். மெதுவாகத்தான் வரும்.

அப்புறம், எப்படிப் பிழைப்பீர்கள் என்றும் கேட்டார்கள். மாதச் சம்பளம் இத்துறையில் அரிது, நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி ஒப்பந்தம்தான். நெதர்லாந்தில் ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களில் ஊருக்கு ஊர் பாக்கின் 'மத்தேயு திருப்பாடுகள்' என்ற இசைப் படைப்பின் நிகழ்ச்சிகள் நடக்கும். வில்லியம் கிறிஸ்டியின் லெஸ் ஆர் ஃப்ளோரிஸான் என்ற பரோக் இசைக்குழு 2002 முதல் இளம் பாடகர்களுக்கென்றே ஒரு பயிலகம் நடத்துகிறது. "பெரிய பாடகராவேன்" என்று சொல்வதைவிட இப்படிக் குறிப்பாகப் பேசுங்கள்.

கீபோர்டு தெரியாது என்று தயங்க வேண்டாம். இடது கையால் பாஸ் சுரங்களைத் தொட்டபடி மெதுவாகப் பாடினால் போதும், வேகம் அப்புறம் வரும். ஹார்ப்சிகார்ட் வாசிப்பவரோடு ஒத்திகை கிடைக்குமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.